எல்லாம் பச்சை

சத்துவாச்சாரி ஃபேஸ் டூ என்று
போனில் விலாசம் சொன்னீர்கள், ஏகாம்பரம் சார்.
வந்து பார்த்தால் வீடு முழுக்க ஃபேஸ்.
குழாயில் ஃபேஸ், கிரில் கேட்டில் ஃபேஸ்,
ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் வைத்ததும்
டெஸ்டர் மினுக்கென்று கண் திறந்தது.

போர்டைக் கழற்றினேன்.
உள்ளே ஒரு கீரைப்பாத்தி.
வருவது பச்சை, போவது பச்சை,
மண்ணுக்குப் போக வேண்டியதும் பச்சை.
லாங் பஜாரில் பாதி விலைக்குக் கிடைத்த காயிலாம்.
'கலர்ல இன்னாபா இருக்குது,
உள்ள ஓடுறது ஒரே செம்புதானே' என்றீர்கள்.
தத்துவம் சரிதான் சார்.
தத்துவத்துக்கு ஷாக் அடிக்காது.

ஃப்யூஸ் கட்டையில் நீங்கள் சுற்றியிருந்த கம்பியில்
ஆடு கட்டலாம்.
ஜாயின்ட்டில் ஒட்டியிருந்தது
முழங்கால் வலிக்குப் போடும் பிளாஸ்திரி.
கருவூலத்தில் இருபத்தெட்டு வருஷம்
அடுத்தவர் பில்லில் பைசா பிழை பிடித்த கை
நியூட்ரலைக் கொண்டுபோய் சுவிட்சில் கொடுத்திருந்தது.
அணைத்த பிறகும் ஹால் பல்பு
அரைக்கண்ணில் விழித்துக்கொண்டிருக்க,
'நைட் லேம்ப் தனியா வாங்கத் தேவையில்ல பாரு'
என்று எனக்கே காட்டினீர்கள்.

ஸ்டூலுக்குக் கீழே நின்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள்.
அந்த ஸ்க்ரூ ஏன், இந்த டேப் எதுக்கு,
எம்.சி.பி. முந்நூறா, எந்தக் கடையில்?
'வீடியோவுல ஒருத்தன் பத்து நிமிஷத்துல முடிக்கிறான்.'
முடித்திருப்பான்.
அவன் வீட்டில் ஃப்ரிட்ஜை யார் திறக்கிறார்கள் என்று
வீடியோவில் காட்டியிருக்க மாட்டான்.

ஒயர் வாங்கிய பில்லைத் தேடி நீங்கள் உள்ளே போன நேரம்
அம்மா வந்து நின்றார்கள்.
சமையலறையிலும் காலில் ரப்பர் செருப்பு.
ஃப்ரிட்ஜ் கைப்பிடியில் பழைய துண்டு, இரண்டு முடிச்சு.
'ரெண்டு வருஷமா இப்பிடித்தான்.
ஈரக்கையோட தொட்டா சுருக்குங்குது.
சொன்னேன். உனக்கு நரம்புத் தளர்ச்சி, டாக்டரைப் பாருன்னாரு.
பாத்தேன்.
மாத்திரை சாப்புடறேன்.'

சொல்லிவிட்டுத் தண்ணீர் நீட்டினார்கள்.
எவர்சில்வர் சொம்பை வாங்க
என் கை ஒரு கணம் தயங்கியது.

அதுவரை எனக்குக் கோபமில்லை சார்.
குடியாத்தத்தில் ஒருவர் எர்த் கம்பியை
ரோஜாத் தொட்டியில் நட்டு
காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.
சிரித்தபடி கூலி வாங்கி வந்தவன்தான் நான்.

மெயினை இறக்கினேன்.
கட்டையைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டேன்.
மே மாதம், மதியம் இரண்டு மணி.
மூன்று ஃபேனும் மனசில்லாமல் நின்றன.

கத்தினீர்கள்.
'கரண்ட்டு என் வூட்டுது, குடுய்யா கட்டையை.'
ஈ.பி.யில் சகலை இருப்பதைச் சொன்னீர்கள்.
நான் ஸ்டூலில் உட்கார்ந்து
வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா எழுந்து போனார்கள்.
துண்டின் முடிச்சை அவிழ்த்தார்கள்,
ஒன்று, பிறகு இன்னொன்று.
வெறுங்கையால் ஃப்ரிட்ஜைத் திறந்தார்கள்.
மூடினார்கள். மறுபடி திறந்தார்கள்.
உள்ளே இருட்டு. எதையும் எடுக்கவில்லை.
செருப்பைக் கழற்றி வாசலில் விட்டுவிட்டு
தரையை மிதித்து நடந்து வந்தார்கள்.

நீங்கள் பார்த்தீர்கள்.
நீங்கள் பார்ப்பதை நானும் பார்த்தேன்.
அதற்குப் பிறகுதான்
'எவ்ளோ ஆவும்' என்று கேட்டீர்கள்.

இரண்டு நாள் வேலை.
சிவப்பு, கறுப்பு, பச்சை, அதனதன் வழியில்.
நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தீர்கள், போகட்டும்.
உருவிப் போட்ட பழைய ஒயரை
எடைக்குப் போடச் சுருட்டினேன்,
வாங்கி வைத்துக்கொண்டீர்கள்.
'மாடியில மோட்டார் ஒண்ணு கீது' என்று
வாய்க்குள் முனகியது
என் காதில் விழுந்தது சார்.

என் நம்பர் உங்களிடம் இருக்கிறது.
நீங்கள் கூப்பிட மாட்டீர்கள்.
அம்மாவின் போனிலும் அடித்துக் கொடுத்துவிட்டுத்தான்
வண்டியை எடுத்தேன்.